மூச்சு வாங்கிட்டு வா மதினி

சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் உள்ள அந்த ஊரில், வள்ளித்தாயின் வாய்க்கு என்று தனி மரியாதை இருந்தது. கறிக்கடைக்காரர் அவளுக்கு நிறுக்கும்போது மட்டும் எலும்பைத் தானாகவே ஒதுக்கிவிடுவார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் அவள் வீட்டு வாசலில் மைக்கை நிறுத்திவிட்டு, கும்பிட்ட கையோடு சத்தமில்லாமல் கடந்து போவார்கள். நின்று பேசினால் போன தடவை சொன்ன சாக்கடை என்னாயிற்று என்று கேட்பாள், கேட்டதோடு விடமாட்டாள்.

அவளுடைய சண்டைக்கு ஒரு முறை உண்டு. எதிராளியின் தாத்தாவில் தொடங்குவாள். அவர் யார் கண்மாயில் திருட்டு மீன் பிடித்தார் என்பதைச் சொல்லி, அங்கிருந்து அப்பனுக்கு இறங்கி, போகிற வழியில் கொழுந்தன், நாத்தனார், வீட்டு வெள்ளாடு வரைக்கும் ஒரு கை பார்த்துவிட்டு, கடைசியில்தான் எதிரே நிற்கிறவளிடம் வருவாள். இத்தனையும் ஒரே மூச்சில். நடுவில் மூச்சு வாங்கினால் அந்தச் சந்தில் எதிராளி நுழைந்துவிடுவாள் என்பது அவள் அனுபவத்தில் கண்ட உண்மை.

புருஷன் சுடலை லாரிகளுக்குப் பட்டாசுப் பெட்டி லோடு ஏற்றுகிறவர். கல்யாணமான புதிதில் அவரும் ஒன்றிரண்டு தடவை பேசிப் பார்த்ததாகச் சொல்வார்கள். பிறகு பழகிக்கொண்டார்.

வள்ளித்தாய் தாவணி போட்ட வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேட்டாபீஸ் என்கிற பட்டாசுக் கம்பெனி. அங்கே கம்பி மத்தாப்புப் பிரிவு. கம்பிகளைக் கட்டாகப் பிடித்து மருந்துக் குழம்பில் முக்கி எடுத்துக் காயவைக்கிற வேலை. அலுமினியப் பவுடர் காற்றிலேயே மிதக்கும். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது, வெள்ளிக் கவசம் சாத்திய அம்மன் ஊர்வலத்துக்குப் புறப்பட்ட மாதிரி மூக்கு நுனிவரை மினுமினுப்பாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளச் சொல்லி போர்மேன் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். வாயைக் கட்டிக்கொண்டு எப்படிப் பேசுவது? துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். போர்மேனும் திருப்தி, அவளும் திருப்தி. நுரையீரலிடம் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. அதை ஒரு பூப்போட்ட துணியால் மூடி, மேலே சாமி படம் சாத்தி வைத்திருந்தாள். கேஸில் வைத்த குழம்பு ருசிக்காது என்பது அவள் கட்சி. சீமைக்கருவேல விறகை வைத்து ஊதி ஊதித்தான் சமையல். ராத்திரிக்குக் கொசுவர்த்தி. வெள்ளிக்கிழமைக்குச் சாம்பிராணி.

எதிர்வீட்டுப் பொன்மணியோடு அவளுக்குப் பகை வந்தது கம்பெனி வேனில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்பதில். அந்த வேனை எடைக்குப் போட்டு, புது வேனும் வந்து பழசாகிவிட்டது. பகை மட்டும் புதுசாகவே இருந்தது. பொன்மணி குட்டையான உருவம், கனத்த குரல். இரண்டு பேரும் என்ன வசை பாடினாலும் முறை மாறாது. ஒருத்திக்கு ஒருத்தி மதினி. "நாசமாப் போவ மதினி" என்றுதான் திட்டிக்கொள்வார்கள்.

அன்றைய வழக்கு ஒரு கோழி பற்றியது. பொன்மணியின் கோழி, வள்ளித்தாய் காயப்போட்டிருந்த வத்தலைக் கிளறிவிட்டது. வள்ளித்தாய் வாசலுக்கு வந்தாள். தாத்தாவை எடுத்தாள். அப்பனுக்கு இறங்கினாள். கொழுந்தனுக்குப் போகிற வழியில் நெஞ்சுக்குள்ளே குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். வார்த்தை நாக்குவரை வந்து நின்றது, தள்ளிவிடக் காற்று இல்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள் ஏறி ஏறி இறங்கியது.

பொன்மணிக்கு இப்படி ஒரு வாய்ப்பு ஆயுசில் கிடைத்ததில்லை. தெருவே அவள் வாயைப் பார்த்தது. அவளோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"மூச்சு வாங்கிட்டு வா மதினி. நான் எங்கன போயிரப் போறேன்? இங்கனதான் நிப்பேன்."

அவள் திட்டியிருந்தால் வள்ளித்தாய் தாங்கியிருப்பாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவள் அன்று சோறு பொங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவமா?" என்றார் சுடலை. அவராக வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னதால், விஷயம் பெரிதுதான் என்று அவளுக்கும் பயம் வந்தது.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊரையே ஊதித் தள்ளியவள், அந்தக் குழாயில் தோற்றாள். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, பல வருஷத்துப் புகையும் தூசியும் செய்த வேலை, போனது முழுசாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வாயில் வைத்து அடிக்கிற பம்பு ஒன்றும் கொடுத்தார்கள்.

பம்பு வீடு வந்து சேர்ந்த அன்றே மாரிக்கண்ணனும் வந்து சேர்ந்தான். வள்ளித்தாயின் தம்பி. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சாபீசில் மிஷின் வேலை. மிஷின் இரைச்சலில் காது பாதி மந்தம் என்பதால் போனை உச்சத்தில் வைத்துத்தான் வீடியோ பார்ப்பான். அதனால் அவன் படித்த வைத்தியத்தை அந்தத் தெருவே சேர்ந்து படித்தது.

"யக்கா, இதப் பழக்கிட்டா நுரையீரல் சோம்பேறி ஆயிரும். அப்புறம் சாகுற வரைக்கும் விடாது. எல்லாம் இயற்கையாப் பாப்போம்" என்றான்.

"டாக்டரு அடிக்கச் சொன்னாகளே?"

"அவுகளுக்கென்ன, சொல்லுவாக. நான் பாத்த வீடியோவ எத்தன லட்சம் பேரு பாத்திருக்கான் தெரியுமா?"

லட்சம் பேர் பார்த்ததை ஒரு டாக்டர் எப்படி மறுக்க முடியும்? பம்பு புளிப்பானைக்குப் பின்னால் போயிற்று.

முதலில் தூதுவளை. முள்ளை ஆய்ந்து, நெய்யில் வதக்கித் துவையல் அரைத்தபோது நன்றாகவே இருந்தது. சுடலை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார், அவருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. அடுத்து ஆடாதோடைக் கஷாயம். அந்தக் கசப்புக்கு வியாதி போகாவிட்டாலும் வியாதிக்காரி போய்ச் சேர்ந்துவிடுவாள். நத்தைச் சூப்பு வந்தது. வள்ளித்தாய் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, நத்தையின் தாத்தாவைக் கொஞ்சம் திட்டினாள். கழுதைப்பால்காரன் தெருவில் வந்தபோது மாரிக்கண்ணன் அவனை வாசலிலேயே நிறுத்தினான். பச்சைப்பிள்ளைக்குச் சங்கில் புகட்டுகிற பாலை நரைத்த மனுஷி அண்ணாந்து குடித்ததை அந்தக் கழுதை ஒரு மாதிரியாகப் பார்த்தது. வௌவால் கறி என்ற பேச்சு வந்தபோது மட்டும் சுடலை எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அகராதியில் அது கடுமையான எதிர்ப்பு.

கஷாயமும் வெந்நீரும் கோழையைக் கொஞ்சம் இளக்கின, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மூச்சு வரவரச் சுருங்கியது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வேன் படியில் ஏறினால் பேச்சு வர நேரமாகும். பொன்மணி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அது இன்னும் மோசம்.

அப்போதுதான் மாரிக்கண்ணன் ஊமத்தையைக் கண்டுபிடித்தான்.

"சித்தரு மறச்சு வச்ச ரகசியம்க்கா. காஞ்ச எலையப் பொகையா இழுத்தா இளைப்பு இருந்த எடம் தெரியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு தின்ற கையோடு, கண்மாய்க்கரையில் பறித்துக் காயவைத்த ஊமத்தை இலையைப் பீடியாகச் சுருட்டிக்கொண்டு வந்தான். பிறந்ததிலிருந்து பீடி தொடாத வள்ளித்தாய் இருமி இருமி இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறந்தது. நிஜமாகவே திறந்தது. பூட்டியிருந்த கதவைக் காற்று தள்ளின மாதிரி.

"ஏலே, மூச்சு வருதுலே!"

"நான் சொன்னேனா இல்லையா? இன்னொண்ணு இழு."

இன்னொன்றும் இழுத்தாள். போதாதென்று மாரிக்கண்ணன் மிச்ச இலையில் பாதியைக் கங்கில் போட்டு அறையில் வைத்தான். அவனுக்கே கிறுகிறுத்து வந்ததால் வெளியே போய் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டான்.

அடுத்து நடந்ததைப் பொன்மணிதான் முதலில் கேட்டாள். வீட்டுக்குள் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தவளின் காதில் அவள் பெயரே விழுந்தது. பழைய வேகம், பழைய குரல். முறத்தை வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். வந்து பார்த்தால், வள்ளித்தாய் தெருவிளக்குக் கம்பத்தின் எதிரே நிற்கிறாள்.

"ஏட்டி பொன்மணி, நெட்டையா வளந்து நின்னாப் போதுமா? மண்டையில ஒரு வெளிச்சம் வேணாமா? கேட்டுக்கிட்டே இருக்கேன், வாயத் தொறக்காம நிக்கியே, அம்புட்டுத் திமிரா? உங்க தாத்தன் கண்மாயில..."

தாத்தா, அப்பன், கொழுந்தன், நாத்தனார், வெள்ளாடு. மூச்சே விடவில்லை. பல மாதமாகக் கேட்காத சண்டையைத் தெருவே கூடிநின்று ரசித்தது. பொன்மணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளை யாரும் நெட்டை என்று சொன்னதே இல்லை.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. வள்ளித்தாய் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தாள். இல்லாத கம்பிகளைக் கட்டாக எடுத்தாள். இல்லாத தொட்டியில் முக்கினாள். எடுத்து உதறினாள். மறுபடி குனிந்தாள். பொன்மணி கிட்டே போய் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் கருவிழி முழுக்க விரிந்து கிணறு மாதிரி இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

பொன்மணி வேப்பமரத்தடிக்குப் போய் மாரிக்கண்ணனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏலே, என்னத்தலே குடுத்த?"

"இயற்கை மருந்துதான்..."

"அரளிக்கொட்டையும் இயற்கைதாம்லே. அரைச்சுத் தாரேன், குடிக்கியா?"

அறைக்குள் கிடந்த இலையில் ஒரு கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். சுடலை ஓடிப்போய் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். பின்சீட்டில் வள்ளித்தாயை நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு விருதுநகருக்கு விட்டார்கள்.

வழியில் வள்ளித்தாய் பொன்மணியை உற்றுப் பார்த்தாள். சிவப்புச் சேலை, பெரிய பொட்டு. சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா! இருக்கன்குடிக் கோயில்லருந்து நீயே ஆட்டோ பிடிச்சு வந்துட்டியா?"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பொன்மணி அவள் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தாள்.

"வந்ததுதான் வந்த. எதுத்த வீட்டுல பொன்மணின்னு ஒருத்தி இருக்கா. அவள என்னன்னு கேக்க மாட்டியா?"

"என்ன செய்யணும் சொல்லு" என்றாள் பொன்மணி. அம்மன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தன் குரலிலேயே கேட்டாள்.

"அவ நாக்குல புண்ணு வரணும். பொழுதன்னைக்கும் எரியணும்."

"சரி."

கொஞ்ச தூரம் போனதும் வள்ளித்தாய் அவள் கையைப் பிடித்தாள். "புண்ணு மட்டும் போதும் ஆத்தா. ஆளக் கொண்டுபோயிராத. அவ போயிட்டா இந்த ஊர்ல நான் யார் கூடப் பேசுவேன்?"

பொன்மணி ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். பின்னாளில் நாக்குப்புண் கதையைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தவள், அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சுடலை கேட்டிருந்தார். சுடலையிடம் போன சேதி கிணற்றில் போட்ட கல்.

ஆஸ்பத்திரியில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டியதும் டாக்டருக்கு வேலை சுலபமாயிற்று. ராத்திரி முழுக்க ஊசியும் குளுக்கோசும் ஏறின. மறுநாள் தெளிந்த வள்ளித்தாயிடம் டாக்டர் கோபப்படாமல் சொன்னார்: "ஊமத்தைக்கு மூச்சுக்குழாயை விரிக்கிற குணம் உண்டும்மா, அது பொய் இல்லை. ஆனா எந்த இலையில எவ்வளவு விஷம் இருக்குன்னு இலைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதே இனத்து மருந்தைத்தான் அளந்து, பக்குவமாக்கிப் பம்புல வச்சுக் கொடுத்தோம். அது எங்க இருக்கு?"

"புளிப்பானைக்குப் பின்னால" என்றார் சுடலை. டாக்டர் சிரித்துவிட்டார்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க அழகுமீனா என்ற பெண் வந்தாள். பிசியோதெரபி படித்தவள், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். பம்பைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னாள். வள்ளித்தாய் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு அடித்தாள். மருந்து முக்கால்வாசி வார்டுக்குப் போயிற்று. குலுக்கு, மூச்சை வெளியே விடு, வாயை மூடிக் கவ்வு, அமுக்கிக்கொண்டே மெதுவாக இழு, கொஞ்ச நேரம் அடக்கு என்று பழக்கினாள். பிறகு வெறும் மூச்சு.

"மூக்கால மெதுவா இழுங்கம்மா. இப்ப உதட்டைக் குவிச்சு, சூடான காப்பிய ஊதி ஆத்துற மாதிரி விடுங்க. இழுத்ததை விட விடுறது நீளமா இருக்கணும். மூச்சு முட்டுறப்போ முன்னால சாஞ்சு, கையை முட்டியில ஊனிக்கிட்டு இதைச் செய்யுங்க."

"இம்புட்டுத்தானா? இதுக்கு ஒரு படிப்பா தாயி?"

"செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க."

செய்து பார்த்தாள். காற்று உள்ளே போக இடமில்லாததற்குக் காரணம், பழைய காற்று வெளியே போகாததுதான் என்று நெஞ்சுக்கே புரிந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அப்ப தூதுவளையெல்லாம் தின்னக் கூடாதா?"

"யாரு சொன்னா? ரசம் வச்சுக் குடிங்க, துவையல் அரைங்க. பம்பையும் அடிங்க. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு கிடையாது. ஆனா புகை எந்த ரூபத்துலயும் ஆகாது. விறகு, கொசுவர்த்தி, சாம்பிராணி, எல்லாத்தையும் விடணும்."

"சாமிக்குப் போடாம எப்படி?"

"சாமிக்கு மூச்சு முட்டலம்மா, உங்களுக்குத்தான் முட்டுது. சாமிக்குப் பூ போடுங்க, கோவிச்சுக்காது. அப்புறம் தினமும் நடக்கணும். நடக்கும்போது பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். துணைக்கு நல்லாப் பேசுற ஆளாக் கூட்டிக்கோங்க."

எல்லாரும் சுடலையைப் பார்த்தார்கள். சுடலை தரையைப் பார்த்தார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு, நானும் நடக்கணும்தான்" என்றாள் பொன்மணி மூலையிலிருந்து. "இவளுக்காக ஒண்ணும் இல்ல."

"இவ கூடயா? நான் செத்தே போறேன்" என்றாள் வள்ளித்தாய்.

விடிந்ததும் கண்மாய்க்கரையில் இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் மதகுவரைகூடப் போக முடியவில்லை. நாக்குப்புண் வழக்கு வந்தது.

"எனக்குப் புண்ணு வரணும்னு ஆத்தாகிட்டக் கேட்ட மதினி நீ."

"நான் எப்ப... கேட்டேன்? நீயாக் கத கட்டுத. உங்க தாத்தன்..."

அங்கேயே நின்றுபோயிற்று. வள்ளித்தாய் முட்டியில் கையை ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதினாள். பொன்மணி ஆவாரஞ்செடியில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். ஊதல் அடங்கியதும், "ம், எங்க தாத்தாவுல விட்ட" என்றாள். நடை தொடர்ந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் இதைப் பார்த்து, பெரியாஸ்பத்திரியில் சண்டைக்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரில் சொன்னார்கள். ஒரு வகையில் நிஜம்தான்.

வீட்டில் சாமி படம் சுவருக்கு ஏறியது. கேஸ் அடுப்பில் சமையல் தொடங்கியது. குழம்பை ஊற்றிவிட்டு வள்ளித்தாய் புருஷன் முகத்தையே பார்த்தாள். "முந்தியும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் அவர். புகழ்ந்தாரா என்று அவள் இன்றுவரை யோசிக்கிறாள். போர்மேன் அவளைப் பவுடர் பக்கமிருந்து மாற்றி, பெட்டியில் லேபிள் ஒட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார். துணி கழுத்திலிருந்து மூக்குக்கு ஏறியது. மாரிக்கண்ணன் கொஞ்ச காலம் தலை காட்டவில்லை. பிறகு கருஞ்சீரகம் பற்றி ஏதோ வீடியோவோடு வந்தவனிடம், "முதல்ல நீ தின்னு காட்டுலே, ஒரு வருசம் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டாள். அவன் தின்கிறானாம்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஐப்பசி மழையில் சளி பிடித்து மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். தீபாவளி அன்று, ஊருக்கே பட்டாசு செய்து கொடுத்தவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். மாடிப்படி இன்றும் பகைதான். ஆனால் குடத்தை ஒரே நடையில் கொண்டுவருகிறாள், மதகைத் தாண்டி அய்யனார் கோயில்வரை நடக்கிறாள்.

சண்டையின் நீளம் போய்விட்டது. இப்போதெல்லாம் நாலு வார்த்தை, பிறகு ஓர் ஊதல், மறுபடி நாலு வார்த்தை. முன்னே அடைமழை, குடை பிடித்துக்கொண்டு நிற்கலாம். இது ஆலங்கட்டி, எது எங்கே விழும் என்று தெரியாது என்கிறார்கள் பட்டவர்கள்.

தை மாதம், தெருக்கோடியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஊர்க்காவலன், செம்பு எடுப்பதற்காக ஒயர்களைக் குவித்துக் கொளுத்தினான். கறுப்புப் புகை தெருவை அடைத்தது. வள்ளித்தாய் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றாள். பின்னாலேயே பொன்மணி.

"ஊர்க்காவலா. பேரு வச்சவன் யாரு? ஊரையா காக்குத? எரிக்கப் பாக்குத!" என்றாள் வள்ளித்தாய். நிறுத்தி உதட்டைக் குவித்தாள்.

தப்பித்தோம் என்று நினைத்து ஊர்க்காவலன் வாயைத் திறந்தான். அதற்குள் பொன்மணி புகுந்தாள். "உங்கப்பன் பஞ்சாயத்துக் குழாயக் கழட்டி வித்தவன்தானலே? அந்தப் புத்தி எங்க போகும்?" அவள் முடிக்கிற இடத்தில் வள்ளித்தாய்க்கு மூச்சு வந்துவிட்டது. கொழுந்தனைப் பிடித்தாள். அவள் நிறுத்தியதும் பொன்மணி வெள்ளாட்டுக்குப் போனாள். ஒருத்தி ஓய்ந்தால் ஒருத்தி. ஊர்க்காவலன் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். இப்போது அவன் கடையில் ஒயரைக் கத்தியால் சீவித்தான் உரிக்கிறார்கள்.

புகை அடங்கியதும் இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

"குழாயக் கழட்டுனது அவங்கப்பன் இல்ல மதினி, சித்தப்பன்" என்றாள் வள்ளித்தாய். "தப்பாத் திட்டிட்ட."

"அப்பன்தான். எனக்குத் தெரியாதா?"

"ஒனக்கு என்ன தெரியும்..."

"மெதுவாச் சொல்லு, மெதுவா. வீடு வர நேரம் கிடக்கு."